சுரண்டிய இடத்தில் நாணல்

சேகர்,

இந்தக் கடிதத்தை உன் பெட்டியில் ஸ்வெட்டருக்கு அடியில் வைக்கிறேன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறிக் குளிர் உறைத்தால்தான் நீ ஸ்வெட்டரை எடுப்பாய், அதுவரை இது உன் கண்ணில் படாது என்று ஒரு கணக்கு. ஆனால் பசிக்கும் முன்னாலேயே முறுக்கு டப்பாவைத் தேடிப் பெட்டியைக் குடைகிற பிள்ளை நீ. அரக்கோணத்திலேயே கையில் சிக்கினாலும் சிக்கும். சிக்கினால் படி, தப்பில்லை. ஸ்டேஷனில் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்ல முடியாத ஒன்று இதில் இருக்கிறது, அவ்வளவுதான். உன் அம்மாவுக்கு வாய் நீளம் என்று ஆபீஸே சொல்லும். பதிமூன்று வருஷமாக இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த வாய் திறக்கவில்லை.

ஊட்டிப் பக்கத்துச் சதுப்பு நிலங்களை அளந்து வரைபடம் போடுகிற வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷம் அங்கேதான் என்று நீ வந்து சொன்ன அன்று, உன் அப்பா மறைமலை நகரில் ஷிப்ட் முடித்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். "சேத்த அளக்கறதுக்காடா எம்.எஸ்ஸி படிச்சே? நம்ம வூட்டுக் கொல்லையிலயே இருக்குது, அத்த அளந்துட்டு இங்கியே இரு" என்றார். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பாயைச் சுருட்டிவிட்டு, வானத்திலிருந்து எடுத்த படம் என்று ஒரு பெரிய தாளை விரித்தாய். அதன் நான்கு மூலையிலும் நான்கு டம்ளர் வைத்தாய். அப்பாவுக்குச் செய்தித்தாள் படிக்கிற பாவனை, காது மட்டும் உன் பக்கம்.

நீ சொன்னதை நான் புரிந்துகொண்ட வரையில் எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்து. மலை மடிப்புகளுக்கு நடுவே புல் மூடிய பள்ளங்கள் இருக்கின்றன. மேலே பார்த்தால் வெறும் புல்வெளி. அடியில் பல ஆயிரம் வருஷத்துச் செடியும் வேரும் தண்ணீரிலேயே கிடப்பதால் மக்கிப் போகாமல், கருப்பாக, அடை அடையாகப் படிந்திருக்கிறது. அதற்குப் பீட் என்று பெயர். தமிழில் என்ன என்று கேட்டேன், நீ தலையைச் சொறிந்தாய். மழையில் அது குடித்து வைத்த தண்ணீர்தான் கோடையில் ஓடையாகக் கசிகிறது. அந்த அருமை தெரியாமல் யார் யாரோ அதில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்துவிட்டு உருளைக்கிழங்கு போட்டார்கள், மரம் நட்டார்கள். பள்ளம் காய்ந்தது, கீழே ஓடையும் காய்ந்தது. வெட்டிய வாய்க்காலை அடைத்தால் தண்ணீர் திரும்பி நிற்கும், பள்ளம் மெல்லத் தேறும். ஆனால் எதை அடைப்பது, எந்தப் பள்ளம் இன்னும் உயிரோடு இருக்கிறது, எதை முதலில் காப்பாற்றுவது என்று சொல்ல ஒரு வரைபடம் வேண்டும். வானத்துப் படத்தில் பீட்டும் சாதாரணப் புல்லும் ஒரே நிறம். அதனால் ஒருவன் நடந்து போய், ஐம்பது அடிக்கு ஒரு தரம் இரும்புக் கம்பியைக் குத்தி, அது எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று எழுதிக்கொண்டு வரவேண்டும். அந்த ஒருவன் நீ. அதைக் கேட்டு உன் அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். மறுநாளே அவர் சினேகிதரின் பட்டறையில் உனக்கு ஆறடிக் கம்பி ஒன்று தயாரானதும் அதனால்தான்.

எனக்கோ அன்று மனசு ஒரு நிலையில் இல்லை. இருபத்தாறு வருஷமாக இந்தத் தாலுகா ஆபீஸில் வரைபடம் போடுகிறவள் நான். என் படங்களெல்லாம் உன்னுடையது என்னுடையது என்று பிரிக்கப் போட்டவை. தண்ணீரைத் திரும்பக் கொண்டுவர ஒரு படம் போடலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. உன் தாளின் மேல் குனிந்து, "இந்தக் கோடு தடிமனா இருக்கு, நிப்பு மாத்து" என்று ஏதோ குற்றம் கண்டுபிடித்தேன் அல்லவா, அது பேச்சு வராததால் பேசிய பேச்சு.

என் வேலை உனக்குத் தெரியும், ஆனாலும் ஒன்றைச் சொல்லியாகவேண்டும். சர்வேயர்கள் அளக்கப் போவது மாசிக்கு மேல் வைகாசிக்குள்தான். அறுவடை முடிந்து வயல் காலியாக இருக்கும், அளவுச் சங்கிலி இழுக்க வசதி, பயிர் மிதிபட்டதென்று யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள், எல்லைக் கல் தூரத்திலிருந்தே தெரியும். அவர்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வருவதை நான் ட்ரேசிங் துணியில் மை போட்டு வரைவேன். நான் ஒரு வயலையும் மிதித்ததில்லை, மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்த உத்தியோகம். இந்தத் தாலுகாவின் படமெல்லாம் கோடையில் பார்த்த நிலத்தின் படம் என்பது எங்களில் ஒருவருக்கும் உறைத்ததில்லை.

நீ நான்காம் வகுப்பு படித்த வருஷம், ஒரகடத்துக்கும் வல்லக்கோட்டைக்கும் நடுவில் இருக்கிற ஒரு சின்ன ஊரின் பழைய வரைபடம் என்னிடம் வந்தது. வெள்ளைக்காரன் காலத்துத் தாள், மடிப்பெல்லாம் கிழிந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. அதைப் பார்த்துப் புதிதாக வரையவேண்டும். அதில் ஒரு பள்ளத்தில் சின்னச் சின்னதாக நாணல் குச்சங்கள் போட்டிருந்தன. சதுப்பு என்பதற்கு அதுதான் அடையாளம். நானும் அப்படியே மை போட்டு வரைந்துவிட்டேன். பிறகு சர்வேயரின் குறிப்பைப் பிரித்தால், அவர் வைகாசி வெயிலில் போய்ப் பார்த்து, அந்த இடத்துக்கு நேராகத் 'தரிசு' என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தார். பழைய தாள் ஒன்று சொல்கிறது, புதிய குறிப்பு வேறு சொல்கிறது. எழுந்து போய், "சார், அங்க தண்ணி நிக்குமா நிக்காதா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் எனக்கு நாலு மேஜை தள்ளித்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் கேட்கவில்லை. என் படங்கள் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்று ஆபீஸில் ஒரு பேர். தலைமை வரைவாளர் புதிதாக வருகிறவர்களுக்கு என் படத்தைத்தான் விரித்துக் காட்டுவார். அந்தப் பேர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, சேகர். அந்த நாணல் குச்சங்கள் சர்வே எண்ணோடு இடித்துக்கொண்டு அசிங்கமாக இருந்தன. எடுத்துவிட்டால் படம் பளிச்சென்று இருக்கும். குறிப்பிலேயே தரிசு என்று இருக்கும்போது யார் கேட்கப் போகிறார்கள்? துணியில் போட்ட மையை ரப்பரால் அழிக்க முடியாது, பிளேடால் சுரண்டவேண்டும். சுரண்டினேன். பிறகு நகத்தால் தேய்த்து வழவழப்பாக்கினேன். படம் அழகாக வந்தது, பாராட்டும் கிடைத்தது. பழைய தாளை அழிப்புப் பட்டியலில் சேர்த்து மேலே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை போனோமே, உனக்கு நினைவிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கிக் குறுக்கு வழி என்று வயலில் நடத்திக் கூட்டிப்போனார் அப்பா. அவர் சொன்ன எந்தக் குறுக்கு வழி குறுக்கே போயிருக்கிறது? நீ முன்னால் ஓடினாய். காய்ந்த புல் மாதிரிதான் இருந்தது. ஒரு காலை வைத்தாய், முழங்கால் வரை போய்விட்டது. நானும் அப்பாவும் திகைத்து நிற்க, தலையில் புல்லுக்கட்டோடு வந்த ஒரு பெண் கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தாள். "இன்னாம்மா நீ, கொயந்தைய ஊத்துல வுட்டுட்டு வேடிக்கை பாத்துகினு நிக்கிறே. டேய், கால ஆட்டாதே. ஆட்டுனா இன்னும் உள்ள இஸ்துக்கும்" என்று சொல்லி, குப்புறப் படுத்து உன் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து இழுத்துப் போட்டாள். கால் வந்தது, புதுச்செருப்பு வரவில்லை. அவள் பெயர் கன்னியம்மா. "இது ஊத்துப்பள்ளம்மா. மேல பாத்தா காஞ்சாப்ல இருக்கும், உள்ள தண்ணி கீது. எங்க ஊரு கெணறு சித்திரையில வத்தாம இருக்குதுன்னா இதாலதான்" என்றாள்.

அப்போதுதான் ஓரத்தில் சாய்ந்து நின்ற சர்வே கல்லைப் பார்த்தேன். அதற்கு மேற்கே ஏரிக்கரை வளைந்த வளைவைப் பார்த்தேன். நேரில் ஒரு தரமும் பார்க்காத இடம், ஆனால் அந்த வளைவு என் கை போட்ட வளைவு. நான் சுரண்டி எடுத்த இடத்தில் என் பிள்ளை சேற்றோடு நின்றுகொண்டிருக்கிறான். என்ன செய்தேன் தெரியுமா? உன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தேன். "புதுச்செருப்பைத் தொலைச்சுட்டு நிக்கிறியே" என்று கத்தினேன். நீ கோயில் வரை தேம்பிக்கொண்டே வந்தாய். செருப்புக்காக அம்மா அடித்தாள் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருப்பாய். அந்த அடி எனக்கு விழவேண்டியது, உன் முதுகில் விழுந்தது. அதற்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். முருகனிடம் அன்றே கேட்டுவிட்டேன், உன்னிடம் கேட்கத்தான் இத்தனை வருஷம் ஆகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் ஆபீஸில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று போனது. யாருக்கு என்ன நஷ்டம், படத்தில் இல்லாவிட்டால் பள்ளம் ஓடியா போய்விடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்துக்கு இந்த வருஷம் பங்குனியில் முடிவு வந்தது. தொழிற்சாலைகள் வர இருக்கின்றன, அரசாங்கத் தரிசு நிலம் எங்கெங்கே கிடக்கிறது என்று பட்டியல் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் படங்களைப் பார்த்துப் பட்டியல் போட்டார்கள். ஊத்துப்பள்ளம் அதில் இருந்தது. கிராவல் அடித்து மேடாக்கினால் லாரி நிறுத்த நல்ல இடம் என்று பக்கத்திலேயே ஒரு குறிப்பு.

இரண்டு வாரம் கழித்துக் கன்னியம்மா மனுவோடு ஆபீஸுக்கு வந்தாள். தலை நரைத்திருந்தது, குரல் மட்டும் அதே குரல். கிளார்க் என் படத்தை விரித்து அவளுக்குக் காட்டினார். "இதோ பாரும்மா, இங்க ஊத்தும் இல்ல ஒண்ணும் இல்ல. படத்துல இல்லாதது தரையில எப்படி இருக்கும்?"

"அப்ப படம்தான் தப்பு சார். தரை எங்க பூடும்?" என்றாள். "பதினாலு வூடு அந்தக் கெணத்த நம்பிக்கினு கீது. அத்தத் தூத்துட்டா நாங்க கொடத்த எடுத்துகினு எங்க போவோம்?"

பேசிக்கொண்டே என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. நான் குனிந்து, காய்ந்த நிப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். என் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்தவள் நாலடி தூரத்தில் நிற்கிறாள், நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் வெட்கப்படுகிற நிமிஷம் எது என்று யாராவது கேட்டால் அதைத்தான் சொல்வேன். சுரண்டிய நாளைவிட அது மோசம்.

சித்திரைக் கடைசி ஞாயிற்றுக்கிழமை, "வல்லக்கோட்டைக்குப் போகலாம், அப்படியே உன் கம்பியையும் எடுத்துக்கோ" என்றேன். கோயிலுக்கு எதற்குக் கம்பி என்று நீ கேட்டாய், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றேன். ஊத்துப்பள்ளத்தில் நின்றோம். அக்கினி நட்சத்திர வெயில், தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, சர்வேயர் எழுதியதுதான் சரியோ என்று. நீ கம்பியை ஊன்றி அழுத்தினாய். முதல் ஒரு சாண் முரண்டு பிடித்தது, பிறகு வழுக்கிக்கொண்டு போனது. ஆறடிக் கம்பியில் உன் பிடிக்குக் கீழே ஒரு சாண்தான் வெளியே நின்றது. இழுத்தபோது நுனியில் கருப்புச் சேறு சொட்டச் சொட்ட வந்தது. முகர்ந்து பார்த்து, என் மூக்கிலும் வைத்தாய். "இது மலையில இருக்கிற பீட் இல்லம்மா, அவ்வளவு பழசு இல்ல. நாணலும் கோரையும் அழுகின சேறு. ஆனா அதுக்குத் தங்கச்சின்னு வெச்சுக்கலாம். தண்ணிய நல்லாப் புடிச்சு வெச்சிருக்கு" என்றாய். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஏன் என்று கேட்டாய், தூசி என்றேன். தூசி இல்லை, இந்தக் கடிதத்தில் இருப்பதுதான்.

மறுநாள் திங்கட்கிழமை, தாசில்தார் அறைக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர், என்னைக் காப்பாற்றவே பார்த்தார். "இதை எழுதிக் கொடுத்தா உங்களுக்கு மெமோ வரும்மா. இந்த வருஷம் தலைமை வரைவாளர் பதவி உங்களுக்குத்தான்னு இருக்கு. பழைய தாளை அந்த இடத்துல பூச்சி அரிச்சிருந்துதுன்னு எழுதுங்களேன், முடிஞ்சுபோச்சு" என்றார்.

"பூச்சி அரிக்கல சார், நான்தான் அரிச்சேன்" என்றேன்.

"சரி, பழைய தாளும் இல்ல. உங்க வார்த்தைய மட்டும் வெச்சு நான் மேலிடத்துக்கு என்ன சொல்றது?"

அதற்கு எனக்குப் பதில் தெரியும். படத்தை எடுத்துவந்து அவர் அறை ஜன்னலில் வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். மேஜைமேல் பார்த்தால் சுரண்டியது தெரியாது, எத்தனை தேய்த்து வழவழப்பாக்கினாலும் வெளிச்சத்தில் தெரியும். பிளேடு பட்ட இடம் மட்டும் துணி மெலிந்து, நாணல் குச்சங்கள் ஒவ்வொன்றும் வெளிச்சமாகத் தெரிந்தன. தாசில்தார் எழுந்து வந்து விரல் வைத்து எண்ணினார், பதினொன்று. "எழுதிக் கொடுங்க" என்று மட்டும் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். என் படம் அவ்வளவு பளிச்சென்று இருந்ததற்குக் காரணம் அன்றுதான் ஆபீஸுக்குத் தெரிந்தது.

அதற்கடுத்த வாரம் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்து நம் ஊர் பட்ட பாடு உனக்குத் தெரியும், ஒரு மாதம் ஆபீஸில் எந்தக் கோப்பும் நகரவில்லை. நேற்றுத்தான் இரண்டு காகிதம் ஒன்றாக வந்தன. ஒன்று எனக்கு மெமோ. பதவி போய்விட்டது, எனக்குப் பின்னால் சேர்ந்தவருக்குக் கொடுக்கிறார்கள். வருத்தமில்லை என்று சொன்னால் பொய். நேற்று ராத்திரி ரசத்தில் உப்பு இரண்டு தரம் விழுந்தது அதனால்தான். உன் அப்பா அதை முழுசாகக் குடித்தாரே, அவருக்கு எல்லாம் தெரியும். இரண்டாவது காகிதம், ஊத்துப்பள்ளத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு மறு அளவை செய்யவேண்டும் என்ற உத்தரவு. அளவை ஐப்பசி மழைக்குப் பிறகு, தண்ணீர் நிற்கும்போது. தாசில்தார் தன் கையாலேயே அடியில் அப்படி ஒரு வரி சேர்த்திருக்கிறார். இன்று காலை அந்த ஊருக்குப் போய்க் கன்னியம்மாவிடம் சொன்னேன், நான் யார் என்பதையும் சொன்னேன். "மொதல்லியே சொல்லியிருக்கலாமேம்மா" என்றாள். அது போதும், அதைவிட எனக்கு யாரும் ஒன்றும் சொல்லவேண்டாம். பிறகு அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பு கொடுத்தாள்.

நீ மலையில் கம்பியோடு நடக்கும்போது உன் அம்மாவை நினைத்துக்கொள். மழையில் பார்த்த பள்ளத்தைக் கோடையிலும் போய்ப் பார். உனக்கு முன்னால் ஒருவர் குறித்து வைத்தது உன் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால், அவர் தப்பு என்று முடிவு கட்டுமுன் அங்கே புல் அறுக்கிறவர்களைக் கேள். கேட்பதில் கௌரவம் குறையாது, கேட்காமல் விட்ட எனக்குத்தான் குறைந்தது. உன் படம் அழகாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படாதே. சந்தேகம் இருந்தால் சந்தேகம் என்றே எழுது. நீ தப்புச் செய்வாய், செய்யாமல் இருக்க முடியாது. செய்தால் அந்த வாரமே சொல்லிவிடு. பதிமூன்று வருஷம் சுமந்து பார்த்தவள் சொல்கிறேன், முதல் வாரத்தில் அது ஒன்றும் பெரிய பாரம் இல்லை.

கார்த்திகையில் திருத்திய படத்தின் பிரதி ஒன்றை உனக்கு அனுப்புகிறேன். இந்த முறை சர்வேயரோடு நானும் போகிறேன், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு. அப்பா புதுச்செருப்பு வாங்கித் தருவதாகச் சொல்கிறார், அதைத் தொலைக்கக் கூடாது என்று நிபந்தனையும் போடுகிறார். அந்தத் துணியிலேயேதான் திருத்தப் போகிறேன். சுரண்டிய இடத்தில் மை நிற்காது, பரவும். நாணல் எல்லாம் ஊதிப்போய்க் கறை மாதிரிதான் இருக்கும். இனி புதிதாக வருகிறவர்களுக்கு என் படத்தை யாரும் விரித்துக் காட்டப்போவதில்லை, காட்டினால் இந்தக் கறையைக் காட்டட்டும். நீ அந்தப் பிரதியில் எண்ணிப் பார்த்தால் பதினொன்றுக்குப் பதில் பன்னிரண்டு இருக்கும். கை தவறிவிட்டது என்று நினைக்காதே. பதினொன்று பழைய தாளில் இருந்தவை. பன்னிரண்டாவது, நானே நேரில் பார்த்தது. உன் கால் புதைந்த இடம்.

அம்மா